விசுவாசமும் விஞ்ஞான பாடமும்

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் அரசாங்கப் பாடசாலைகளின் பாடவிதான நியமங்களை வகுப்பது, மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் பத்துப் பேர் கொண்ட கல்விச் சபையாகும். 1999இல் இச்சபை, கூர்ப்புக் கொள்கையின் பெரும்பகுதியை விஞ்ஞான நியமங்களிலிருந்து நீக்கியது. ஆதரவு 6, எதிர்ப்பு 4. 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் சபை மாறிற்று. 2001இல் கூர்ப்பு மீண்டும் சேர்க்கப்பட்டது. 2005இல் அதனை ஐயத்துக்குரியதாகக் காட்டும் நியமங்கள் வந்தன. 2007இல் அவையும் அகற்றப்பட்டன. எட்டு ஆண்டுகளில் நான்கு மாற்றங்கள். இவற்றுக்குக் காரணம் புதிய ஆராய்ச்சியன்று. சபையில் எண்ணப்பட்ட வாக்குகளே.

இவ்விடயத்தில் திருச்சபையின் நிலை என்ன? மனித உடலின் தோற்றம் பற்றிய கூர்ப்பு ஆராய்ச்சியைத் திருச்சபை தடைசெய்வதில்லை என்றும், ஆன்மாவை இறைவனே நேரடியாகப் படைக்கிறார் என்றும் 1950இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் போதித்தார். கூர்ப்பு வெறும் கருதுகோளிலும் மேலானது என 1996இல் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் கூறினார்.

ஆகவே, உயிரினங்கள் எவ்வாறு மாறி வந்தன என்பதை விஞ்ஞான ஆசிரியர் கற்பிக்கட்டும். படைத்தவர் யார், எதற்காகப் படைத்தார் என்பதைக் கற்பிப்பது வீட்டினதும் மறைக்கல்வி வகுப்பினதும் கடமை. அதனை வாக்குப் பெட்டியிடம் ஒப்படைக்கலாகாது.

குடும்பமாகச் சிந்திக்க: “அப்படியானால் ஆதியாகமம் பொய்யா?” என்று பிள்ளை கேட்டால், நாம் என்ன பதில் சொல்வோம்?