டம்பெல்லை இறக்குவதும் பயிற்சிதான்

டம்பெல்லைத் தூக்குவதில் காட்டும் அக்கறையைப் பலர் இறக்குவதில் காட்டுவதில்லை. மேலே வந்ததும் கையைத் தொப்பென்று விட்டுவிடுகிறார்கள். அது பாதிப் பயிற்சியை வீணாக்குவது. சுருங்கும்போது தூக்குவதைவிட அதிக எடையை நீளும்போது தாங்கும் திறன் தசைக்கு உண்டு. எனவே சரியாகத் தூக்கிய எடையை 2, 3 விநாடி எடுத்து இறக்கவும் முடிய வேண்டும். களைப்பதற்கு முன்பே அது முடியவில்லையென்றால், எடையை மேலே கொண்டுபோனது பெரும்பாலும் உடலை ஆட்டிப் பெற்ற வேகம்தான்.

அப்படியானால் மெதுவாகச் செய்யச் செய்ய நல்லதா? இல்லை. அமெரிக்காவில் கென் ஹட்சின்ஸ் பரப்பிய 'சூப்பர் ஸ்லோ' முறையில் தூக்குவதற்கே 10 விநாடி. ஆனால் உடற்பயிற்சி ஆய்வாளர் பிராட் ஷோன்ஃபெல்டும் சகாக்களும் 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒருமுறை தூக்கி இறக்க அரை விநாடி ஆனாலும் 8 விநாடி ஆனாலும், இனி முடியாது என்னும் வரை செய்தால் தசை வளர்ச்சி ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 10 விநாடியைத் தாண்டினால் பலன் குறைவதாகவே தெரிந்தது. அவ்வளவு மெதுவாகச் செய்ய எடையை வெகுவாகக் குறைக்க வேண்டியிருப்பது ஒரு காரணமாகலாம்.

அரை விநாடியே போதுமென்றால் நிதானம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வேகத்தில் முதுகு வளைவதும் தோள் முன்னே சரிவதும் நமக்கே தெரியாமல் போகும். நிதானத்தில் உடனே தெரியும். பளுதூக்கும் வீரர்கள் விசையோடு தூக்குவது உண்மை. அதற்குமுன் அவர்கள் ஆண்டுக்கணக்கில் நுட்பம் பழகியிருக்கிறார்கள். புதியவர்கள் தூக்கும்போது மூச்சை விட்டு, இறக்கும்போது இழுக்கலாம். இடுப்பு ஆடத் தொடங்கினால் அந்தச் சுற்றை அங்கேயே நிறுத்தி, அடுத்த சுற்றுக்கு எடையைக் குறையுங்கள்.