இரத்ததானப் படிவத்தில் ஒரு சிறு கேள்வி



தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் நடக்கும் முகாம்களில் உங்களில் பலர் இரத்தம் கொடுத்திருப்பீர்கள். அங்கே தரும் படிவத்தில், பரிசோதனையில் குறை ஏதேனும் தெரிந்தால் தெரிவிக்கலாமா என்று ஒரு கேள்வி உண்டு. அதை வாசியாமலே கையெழுத்திடுகிறவர்கள் அநேகர். இம்முறை அதைக் குறித்துச் சிந்திப்போம்.

தானமாகப் பெறும் ஒவ்வொரு பை இரத்தத்தையும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கவேண்டும் என்பது நம் நாட்டின் சட்டம். 1996-ல் உச்ச நீதிமன்றம் இரத்த வங்கிகளைச் சீர்ப்படுத்தத் தீர்ப்பளித்தது. பணத்துக்கு இரத்தம் கொடுப்பது 1998 முதல் நின்றது. ஹெபடைடிஸ் சி சோதனை 2001-ல்தான் கட்டாயமாயிற்று. ஆகவே அதற்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கும், நோயுள்ளவரின் கணவன் மனைவி பிள்ளைகளுக்கும் இதையே சொல்லுகிறோம்.

ஆனால் இவர்களை அழைத்துச் சோதனை செய்யச் சொல்வது யார்? நியூயார்க் மாநிலத்தில் 1945 முதல் 1965 வரை பிறந்தவர்களிடம் "ஹெபடைடிஸ் சி சோதனை செய்துகொள்கிறீர்களா?" என்று மருத்துவமனையே கேட்கவேண்டும் எனும் சட்டம் 2014-ல் அமலுக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு. நம்மிடம் இருப்பது சட்டமல்ல, திட்டம்: 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் தடுப்புத் திட்டம். அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். கேட்டுச் செல்லவேண்டியவர் நாம்தான்.

நம் ஜனங்களோ கண் மஞ்சளாகும் வரை காத்திருப்பார்கள்; பிறகு கீழாநெல்லி. (கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி-யைப் போக்கும் என்று 1988-ல் சென்னையில் ஓர் ஆய்வு நம்பிக்கை தந்தது உண்மையே, பிந்தைய ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை.) இந்த இரு கிருமிகளும் பல ஆண்டுகள் யாதொரு அறிகுறியுமின்றிக் கல்லீரலைக் கெடுக்கும். சி-க்கு இன்று பெரும்பாலும் 12 வார மாத்திரைகளே போதும். பி-யை அடக்கிவைக்க மருந்து உண்டு.

கர்ப்பிணித் தாய்க்கு இது இன்னும் முக்கியம். பிறக்கும்போது தாயிடமிருந்து ஹெபடைடிஸ் பி தொற்றிய குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாள்பட்ட நோயாகிவிடுகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் பெரும்பாலும் தடுக்கலாம். தாயின் முடிவு முன்பே தெரிந்திருந்தால் இம்யூனோகுளோபுலினும் ஆயத்தமாக இருக்கும்.

அடுத்த முகாமில் அந்தக் கேள்விக்கு "ஆம்" என்று குறியுங்கள். இப்போது குடியிருக்கும் வீட்டு முகவரியை எழுதுங்கள். பழைய வாடகை வீட்டுக்குப் போகும் கடிதம் உங்கள் கைக்கு வராது.