ஒப்பந்தத்தோடு வரும் பிள்ளைகளுக்கு

பெரிய கொம்பனி முதல் ஆல்பத்துக்குக் கூப்பிடுகிறது என்று தாளும் கையுமாக வருகிற நாட்டார் பாடகப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது பெரும்பாலும் எங்கள் பார்க்கிங் (Barking) ஊரில் 1957இல் பிறந்த பில்லி பிராக்கின் கதைதான். ஒற்றை எலக்ட்ரிக் கிட்டாரோடு லண்டன் தெருவில் பாடித் திரிந்த மனிதர்.

1. கதவு திறக்கும் வரை வெட்கப்படாதேங்கோ. ரிவி திருத்த வந்தவன் மாதிரி நடித்துத்தான் பிராக் கரிஸ்மா இசைத்தட்டுக் கொம்பனிக்குள் நுழைந்தார். பிபிசி வானொலியில் அறிவிப்பாளர் ஜோன் பீல் பசிக்கிறது என்று சொன்னது காதில் விழுந்ததும் காளான் பிரியாணி வாங்கிக்கொண்டு ஓடினார். பீலும் அவரின் இசைத்தட்டைப் போட்டார், பிழையான வேகத்தில். பிரியாணி இல்லாவிட்டாலும் போட்டிருப்பேன் என்று பிறகு சொன்னாராம். நம்புவோம்.

2. முற்பணம் கடன். உங்கள் ரோயல்டியில்தான் அதைக் கழிப்பார்கள். பல ஒப்பந்தங்களில் ஸ்டூடியோச் செலவும் அதில் ஏறும். கழிந்து முடியும் வரை ஆல்பம் விற்றாலும் ரோயல்டியாக ஒரு சதமும் வராது. பிராக்குக்கு கோ! டிஸ்க்ஸ் கொம்பனி நாலு ஆல்பத்துக்குப் பத்து லட்சம் பவுண் முற்பணம் பேசியது. 1991இல் முதலாவது வந்தது: மெருகேற்றிய இசை, பெரிய விளம்பரம், முழு பாண்டோடு 13 மாத உலகச் சுற்று. விற்பனை அசையவில்லை. அப்பெண்டிசைட்டிஸ் வந்து ஆளும் படுத்தார். 1992இல் மிச்சக் காசைத் திருப்பிக் கொடுத்து, தன் பழைய பாட்டுகளின் உரிமை முழுவதையும் வாங்கிக்கொண்டு வெளியேறினார். என்னைக் கேட்டால் அவர் போட்ட கையெழுத்துகளில் அதுதான் திறம்.

3. பாட்டின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. கொம்பனி கேட்பது அநேகமாக இரண்டாவதை. எத்தனை வருசத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு, பிறகு யாரிடம் திரும்பும் என்று வடிவாய் வாசியுங்கோ. மியூசிஷன்ஸ் யூனியனில் சேர்ந்தால் ஒப்பந்தத்தைப் பார்த்து ஆலோசனை சொல்வார்கள்.

4. அம்மம்மாவின் தாலாட்டுக்கும் அருவிவெட்டுப் பாட்டுக்கும் எழுதியவர் பெயர் இல்லை, காப்புரிமையும் இல்லை. நீங்கள் செய்த இசை ஒழுங்குக்கு உண்டு, பாட்டு ஆக்கியவர்களுக்கு ரோயல்டி சேர்க்கும் பிஆர்எஸ்ஸில் பதியலாம். ஆரிடம் பழகினீர்கள் என்று உறையில் போடுங்கோ. சட்டம் கேட்காது, நான் கேட்பேன்.

5. யூடியூப் எண்ணிக்கையைக் காசென்று நினைக்காதேங்கோ. ராப் பாடகர் அறிவின் பாட்டியுடைய தேயிலைத் தோட்ட வாழ்க்கையிலிருந்து வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ 2021இல் உலகமெங்கும் ஓடியது. 2024 மார்ச்சில் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று வெளியில் சொன்னார். ஆகவே கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரும், அதைச் சோதிக்க உங்கள் கணக்காளரை விடுவார்களா என்ற இரண்டு வரியும் தாளில் இருக்கவேணும்.

6. ஒலிப்பதிவை ஒலிபரப்பும்போது வரும் காசுக்கு, அதைச் சேர்க்கும் பிபிஎல்லில் தனியாகப் பதியவேணும். பின்னால் தவில் அடித்த பிள்ளைக்கும் அதில் பங்குண்டு. அவர் பெயரையும் சேர்த்து அனுப்புங்கோ.