மேய்ச்சல் தரையில் காபன் சேருமா?

கேள்வி: மூதூர்ப் பக்கம் நாற்பது மாடு வைத்திருக்கிறேன். மேய்ச்சல் தரையைத் திருத்தினால் மண்ணில் காபன் சேரும், அதற்குக் காசும் வரும் என்கிறார்கள். உண்மையா ஐயா?

பதில்: காபன் சேரும். ஆனால் காசை நம்பி இறங்காதீர்கள், புல்லை நம்பி இறங்குங்கள்.

மண்ணுக்குள் காபனைக் கொண்டுபோவது பெரும்பாலும் புல்லின் வேர்தான். ஓயாமல் கடிபடும் புல், இலை விடுவதிலேயே பலத்தைச் செலவழிக்கும், வேர் குறுகிப்போகும். உங்கள் பகுதியில் கோளாறு காலத்தில் இருக்கிறது. புல் தழைப்பது ஐப்பசியிலிருந்து தை வரையான மாரி மழையில். அதே மாதங்களில்தான் பெரும்போக வேளாண்மைக்காக மாடுகளை வயல்வெளியிலிருந்து கலைத்து, மிஞ்சிய தரைகளில் நெருக்குகிறோம். ஓய்வு வேண்டிய நேரத்தில் புல் மிதிபடுகிறது. கச்சான் காலத்தில் காய்ந்த புல்லுக்கு நெருப்பு வைத்தால், மண்ணுக்குப் போகவேண்டிய சருகும் போய்விடும்.

தரையை நான்கு துண்டாக்கி, ஒவ்வொரு மாரிக்கும் ஒரு துண்டை விதை விழும்வரை அடைத்துவையுங்கள். கிளிரிசிடியா உயிர்வேலி போட்டால் அதன் குழையும் தீனியாகும். மாரி மாதங்களுக்கென்று அறுவடை வைக்கோலைச் சேமியுங்கள். வீட்டடியில் கோ-3 புல் நடுங்கள். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் இடத்து வண்டல் காபனை நன்றாகப் பிடித்துவைக்கும். கரையோர மணலில் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள்.

இனிக் கணக்கு. ஓர் ஏக்கரில் ஓரடி ஆழ மண் ஏறக்குறைய 1,800 தொன். அதில் காபன் 1 சதவீதத்திலிருந்து 1.1 ஆனால், சேர்வது 1.8 தொன் காபன், அதாவது 6.6 தொன் காபனீரொட்சைட்டு. அதற்கே பல வருடம் வேண்டும். ஒரு கட்டத்துக்குமேல் மண்ணும் ஏற்காது. மறுபக்கம், ஒரு மாடு வருடத்துக்குக் குறைந்தது 27 கிலோ மெதேன் விடுகிறது என்று வைத்தாலும், உங்கள் நாற்பதும் விடுவது 30 தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமம். ஒரே வருட மெதேனை ஈடுகட்ட நாலரை ஏக்கரில் அந்த உயர்வு வரவேண்டும். காபனை விற்றுப் பிழைக்கலாம் என்று யாரும் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மழைநீர் நிலத்தில் இறங்குவதும், கோடையிலும் மாடு வற்றாமல் கறப்பதும்தான் உங்களுக்கு உறுதியான வருமானம்.

ஒப்பந்தம் நீட்டுபவர்களிடம் அவசரப்பட்டுக் கையொப்பமிட வேண்டாம். வட கென்யாவில் மேய்ச்சல் நிலக் காபன் திட்டமொன்றை, அதற்குச் சான்று கொடுத்த வெரா அமைப்பே 2023இல் மீளாய்வுக்கு எடுத்தது. மேய்ப்பர்களின் சம்மதமும் காபன் கணக்கும் அங்கே கேள்விக்குள்ளாகின.

எனக்குப் பெரிய கவலை வேறு. நீங்கள் ஒரு துண்டை அடைத்துவைக்க, அடுத்த பட்டி அதில் இறங்கினால் எல்லாம் வீண். தரை பெரும்பாலும் அரச காணி. எல்லை போடாதவரை யாருக்கும் அதைக் காக்க மனம் வராது. மேய்ச்சல் தரையை அளந்து வர்த்தமானியில் அறிவிக்கும்படி உங்கள் பண்ணையாளர் சங்கம் பிரதேச செயலகத்துக்கு எழுதட்டும். வேலிக்குக் கம்பு வெட்டுவது அதற்குப் பிறகு.