டிராக்டரின் முன்சக்கர பேரிங்: கழற்றுமுன் திரட்ட வேண்டிய கருவிகள்

குறுவைச் சாகுபடிக்காக மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் நாள் திறப்பது காவிரிப் பாசன உழவர்கள் நன்கறிந்த மரபு. வாய்க்காலில் நீர் வந்ததும் சேற்றுழவு தொடங்குகிறது. அந்நாட்களில் டிராக்டரின் முன்சக்கரங்கள் சேற்று நீரிலேயே சுழல்கின்றன. சக்கரக் குடத்தின் உட்புறமுள்ள ஆயில் சீல் சற்றே தேய்ந்திருந்தாலும் நீர் உட்புகுந்து, கிரீஸுடன் கலந்து, அதனைப் பால்போல் வெளுக்கச் செய்துவிடும். பின்னர் பேரிங் துருவேறி, உருளைகளில் பள்ளம் விழுந்து, சக்கரம் உறுமத் தொடங்கும்.

இப்பழுதைக் கிராமத்திலேயே நீக்கிக்கொள்ள இயலும். ஆனால் சக்கரத்தைக் கழற்றிப் போட்ட பின்னரே, ஒரு ஸ்பேனரைத் தேடி நகரத்திற்கு ஆள் அனுப்பும் வழக்கம் நம்மிடையே உள்ளது. அதற்குள் திறந்து கிடக்கும் குடத்தில் புழுதி படியும். நாற்றங்காலில் நாற்று முற்றும். காத்திருக்க மனமின்றிக் கையில் அகப்பட்ட உளியால் வேலையை முடிப்பாரும் உளர். அவ்வாறு முடித்த சக்கரம், நெல் மூட்டைகளோடு சாலையில் செல்லும்போது கழன்று ஓடினால் விளைவு யாதென்று சொல்ல வேண்டுவதில்லை. ஆதலின் கருவிகளையெல்லாம் ஒரு சாக்கின்மேல் பரப்பி வைத்த பின்னரே முதல் நட்டில் கைவைத்தல் வேண்டும்.

அதற்கும் முன்னதாகப் பழுது பேரிங்கில்தானா என்று தெளிதல் நன்று. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பார்க்கலாம். குடம் மட்டும் ஆடினால் பேரிங்கில் தளர்ச்சி. குடத்தோடு அச்சுமுனையும் சேர்ந்து ஆடினால் தேய்ந்தது கிங் பின். இவ்வேறுபாட்டை அறியாது நல்ல பேரிங்கை மாற்றிப் பணத்தை வீணாக்குவது உண்டு.

வண்டியைத் தூக்குவதற்கு ஜாக்கி வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அச்சின் கீழ் கைநீட்டுதல் ஆகாது. அச்சைத் தாங்க இரும்பு ஸ்டாண்டோ உறுதியான மரக்கட்டைகளோ வைத்தல் வேண்டும். செங்கல்லைப் பயன்படுத்தலாகாது, அது சொல்லாமல் நொறுங்கும். மண்தரையாயின் ஜாக்கியின் அடியில் கனமான பலகை இடவேண்டும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வேண்டும். டிராக்டரின் முன்னச்சு நடுவில் ஒரு முளையில் ஊசலாடும் அமைப்புடையது. எனவே அச்சுக்கும் அதன் தாங்கிக்கும் இடையில் இருபுறமும் மர ஆப்பு செருகினால் வண்டி சாயாது. ஆப்பைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

சக்கர நட்டுகளுக்கு வீல் ஸ்பேனர். நடுவிலுள்ள காடி வெட்டிய நட்டுக்கு அதற்கேற்ற அளவுள்ள பாக்ஸ் ஸ்பேனர். ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி இழுக்கப் பிளையர். பைப் ரெஞ்சினால் நட்டின் விளிம்பை மழுக்குவது கூடாது.

குடத்தினுள் கூம்பு வடிவ உருளை பேரிங்குகள் இரண்டு உள்ளன; உட்புறத்தில் பெரியது, வெளிப்புறத்தில் சிறியது. (இவ்வகைக்கு அமெரிக்காவில் டிம்கென் என்பவர் 1898-ல் காப்புரிமை பெற்றார்.) ஒவ்வொன்றும் சுழலும் கப், குடத்தினுள் இறுக்கமாகப் பொருத்தப்பட்ட எஃகு வளையமாகும். பேரிங்கை மாற்றும்போது கப்பையும் சேர்த்தே மாற்றவேண்டும். பழைய கப்பின் பள்ளங்கள் புதிய உருளைகளை விரைவில் தின்றுவிடும். கப்பைத் தட்டி எடுக்கப் பித்தளைக் கம்பியும் சுத்தியலும் தேவை. எஃகு உளி குடத்தின் உட்சுவரைக் கீறிவிடும். சில்லுத் தெறித்துக் கண்ணையும் கெடுக்கும். புதிய கப்பைப் புகுத்துவதற்குப் பழைய கப்பே சிறந்த கருவி! அதன் வெளிப்புறத்தைச் சாணைக்கல்லில் சற்றே தேய்த்து, புதியதன்மேல் வைத்து நாற்புறமும் சமமாகத் தட்டினால் கோணாமல் அமரும்.

கழுவுவதற்கு அகன்ற தட்டும் டீசலும் போதும். பெட்ரோல் தீ விபத்துக்கு வழிகோலும். நூல் பிரியாத தூய துணியும், நீர்தாங்கும் நல்ல லித்தியம் கிரீஸும் வேண்டும். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி, மறுபக்கம் பிதுங்கும்வரை நிரப்புவதே சரியான முறை. மேலே பூசிவிட்டால் உள்ளே வெறுமையாகவே இருக்கும்.

உதிரி உறுப்புகளுள் இரு பேரிங்குகள், கப்புகள், புதிய ஆயில் சீல், புதிய ஸ்பிளிட் பின் ஆகியவை முன்கூட்டியே கையில் இருத்தல் வேண்டும். வண்டியின் மாடலையும் சேஸிஸ் எண்ணையும் எழுதிச் சென்றால் கடைக்காரர் பட்டியலைப் பார்த்துத் தருவார். கழற்றிய பேரிங்கில் பொறித்த எண்ணோடு ஒத்துப்பார்த்த பின்னரே பொருத்துதல் நலம். ஒருமுறை வளைத்த பின்னை மீண்டும் இடலாகாது. மிகச் சிறு விலையுள்ள அந்தப் பின்தான் நட்டையும் சக்கரத்தையும் காத்து நிற்கிறது.

பொருத்தும்போது குடத்தைச் சுழற்றிக்கொண்டே, சுழற்சி சற்றுக் கடினமாகும்வரை நட்டை முடுக்கி, பின் அடுத்த காடி துளைக்கு நேராகும்வரை சிறிது தளர்த்திப் பின் இடவேண்டும். இறுக்க அளவு வண்டியின் கையேட்டில் இருந்தால் அதுவே முடிந்த முடிவு. சில மணி நேரம் உழுதபின் குடத்தைத் தொட்டுப் பார்த்தல் நன்று. கை பொறுக்காத சூடு இருப்பின் இறுக்கம் மிகுதி என்று பொருள். நான்கு சக்கரங்களும் இயங்கும் டிராக்டர்களில் முன்சக்கரத்தினுள் பல்சக்கரங்கள் இருப்பதால், அவற்றைப் பணிமனைக்கே அனுப்புவோம்.

இக்கருவிகளை உழவர் ஒவ்வொருவரும் வாங்குதல் எளிதன்று. ஆண்டில் சில நாட்களே அவை பயன்படும். ஊரில் டிராக்டர் வைத்திருப்போர் கூடி ஒரு பெட்டி வாங்கிப் பொதுவிடத்தில் வைத்து, எடுப்பவர் கையொப்பமிடப் பதிவேடு ஒன்றும் வைக்கலாம். ஊராட்சி உறுப்பினர்கள் இதற்கு முன்கை எடுத்தல் வேண்டும். ஊரிலுள்ள டிராக்டர்களின் பேரிங் எண்களை அப்பதிவேட்டின் முதற்பக்கத்திலேயே குறித்து வைத்தால், அடுத்த பருவத்தில் பழுது நேரும்போது உதிரி வாங்க ஒரே நடை போதும்.