ஓய்வுகால வீடு: வியாபாரி போடவேண்டிய கணக்கு



ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய எந்த மளிகைக் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஒரு ஆசை வெளிவரும். “பையன் தலையெடுத்துவிட்டால் போதும் அண்ணாச்சி. ஊர்ப்பக்கம் சின்னதாக ஒரு வீடு, நாலு தென்னை, ஒரு கிணறு. அங்கே போய் நிம்மதியாக இருக்கலாம்” என்பார். காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்து இரவு பத்து மணிக்குக் கல்லாவைப் பூட்டுகிறவருக்கு இந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்க நான்கு கடை விசாரிக்கிற நாம், ஆயுள் சேமிப்பைப் போட்டு வீடு கட்டும்போது மட்டும் விசாரிக்காமல் இறங்கிவிடுகிறோம். நாமும் அப்படி இறங்கி அடிபட்டவர்களே. அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதத் துணிந்தோம்.

சடையங்குப்பத்தில் கற்ற பாடம்

நாம் திருவொற்றியூரில் மொத்த மளிகை வியாபாரம் செய்து வருகிறோம். 2009-ஆம் ஆண்டு சடையங்குப்பத்தில் ஒரு கிரவுண்டு நிலம் வாங்கினோம். அப்போது அது தனி ஊராட்சி. 2011-இல்தான் சென்னை மாநகராட்சியின் மணலி மண்டலத்தில் சேர்ந்தது. கடையிலிருந்து கூப்பிடு தூரம், பச்சைப் பசேல் என்ற வெளி, மலிவான விலை. நாம் போய்ப் பார்த்தது ஒரு சித்திரை மாதம். நிலம் கட்டாந்தரையாகக் கிடந்தது. தரகர் சொன்னதை நம்பினோம்.

பூண்டி ஏரியின் உபரிநீர் கொசஸ்தலை ஆற்றின் வழியாக வந்து எண்ணூரில் கடலில் சேருகிறது. சடையங்குப்பம் அந்த ஆற்றின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. மேலே மதகைத் திறந்தால் கீழே தண்ணீர் வந்துதான் ஆகவேண்டும். கடல் பொங்கி நிற்கும் நேரமாக இருந்தால் வந்த தண்ணீர் வடியவும் வழியில்லை. 2015 டிசம்பர் மழையில் நமது நிலத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அஸ்திவாரம் மட்டும் எழும்பியிருந்தது. கொட்டகையில் அடுக்கியிருந்த சிமெண்டு மூட்டைகள் முழுவதும் கல்லாகிவிட்டன. 2021 நவம்பரிலும் அந்தப் பகுதி வெள்ளத்தில் தவித்தது.

அங்கே பர்மா நகர் என்று ஒரு குடியிருப்பு உண்டு. பர்மாவிலிருந்து திரும்பிய நம் மக்கள் குடியேறிய இடம். 1964-இல் பர்மா அரசு கடைகளை அரசுடைமையாக்கியது. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாது என்றாகிவிட்டன. கல்லாவில் இருந்ததும் கடையில் இருந்ததும் போய் வெறுங்கையோடு கப்பல் ஏறியவர்கள் ஏராளம். அவர்களுக்கு இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கவில்லை. நமக்கு அந்த வசதி இருந்தது. இருந்தும் மழைக்காலத்தில் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்காமல் நிலம் வாங்கினோம். இந்தக் குற்றத்தை யார் தலையிலும் சுமத்துவதற்கில்லை.

ஆகவே முதல் பாடம்: நிலத்தை ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள். அக்கம்பக்கத்துச் சுவர்களில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். தரகரை விட்டுவிட்டு, அந்தத் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மாவிடம் 2015-இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். வெள்ளம் எட்டிய மட்டத்திற்கு மேல் வீட்டின் தரைமட்டம் நிற்குமா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கவேண்டும்.

கடலோரத்தில் வாங்குவோர் தண்ணீரையும் ருசி பார்க்க வேண்டும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்த விஷயம் பழைய கதை. உப்புத் தண்ணீரில் காங்கிரீட் கலந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். சுவர் பொரிந்து உதிரும். பத்து ஆண்டில் வீடு இருபது ஆண்டு ரிப்பேர் கேட்கும்.

பூட்டிக் கிடக்கும் மாளிகைகள்

நமது துணைவியாரின் ஊர் காரைக்குடிக்கு அருகில். வெள்ளத்திற்குப் பிறகு அங்கே வீடு கட்டலாம் என்று முடிவு செய்தோம். செட்டிநாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக வீடுகள். பர்மாத் தேக்கில் தூண்கள், முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து தொழில் செய்தவர்கள் சொந்த ஊரில் வந்து வாழ்வதற்காகக் கட்டியவை. 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் வருமானம் நின்றது. வீடு நின்றது. இன்று ஒரு வீட்டுக்கு வாரிசுகள் பலர். கூரை ஒழுகினால் யார் பணம் போடுவது என்று முடிவாகாமல் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சில ஓட்டல்களாக மாறியுள்ளன. சிலவற்றைப் பிரித்து, தூணையும் கதவையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விற்கிறார்கள்.

உலகத்தையே சுற்றிக் கணக்கு எழுதிய சமூகத்திற்கே இந்த நிலை என்றால் நாம் எம்மாத்திரம்? நமது கடை வரிசையில் இருந்த ஒரு நண்பர் ஊரில் 2,400 சதுர அடியில் வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்திற்கு எல்லோரும் போய் வாழ்த்தினோம். கட்டி முடித்த ஆண்டே மண்டிக்காரருக்குக் கொடுத்த செக்குகள் திரும்பின. சுழலும் முதலை எடுத்துச் சுவரில் போட்டிருந்தார். கடை போயிற்று. இன்று ஊர் வீடு பூட்டியிருக்கிறது. நண்பர் மகனுடைய வாடகை வீட்டில் இருக்கிறார்.

இரண்டாவது பாடம் அளவு. ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் விலை வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

1,500 சதுர அடி வீடு: 30 லட்சம்.
600 சதுர அடி வீடு: 12 லட்சம்.
வித்தியாசம்: 18 லட்சம்.

இந்த 18 லட்சம் சரக்கில் மாதம் ஒருமுறை சுழன்று, செலவு போக நூற்றுக்கு இரண்டு நின்றால் மாதம் 36,000 ரூபாய். ஆண்டுக்கு 4,32,000. சரக்கு ஒரு மாதம் தேங்கினால் இது குறையும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் காலியாகக் கிடக்கும் மூன்று படுக்கையறைகள் ஒரு பைசாவும் ஈட்டித் தரா. ஆண்டுதோறும் வெள்ளையடிக்கும் செலவு மட்டும் வரும்.

ஆகவே கடை முதலில் கை வைக்காமல், சீட்டு, வைப்புத்தொகை என்று தனியாகச் சேர்த்த பணத்தில் அடங்குகிற அளவே வீட்டின் அளவு.

பத்திரத்தைப் படிக்கும் முறை

நாம் பில்லைச் சரிபார்க்கும் அதே கண்ணோடு பத்திரத்தையும் பார்க்கவேண்டும். மூலப்பத்திரம் முதல் இன்றுவரை சங்கிலி அறாமல் வருகிறதா? முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதா? பட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் மூன்றிலும் சர்வே எண்ணும் அளவும் ஒத்துப்போகின்றனவா? ஏரி, வாய்க்கால், மேய்க்கால், புறம்போக்கு என்று எங்காவது எழுதியிருக்கிறதா? இவற்றில் பெரும்பாலானவற்றை இப்போது அரசு இணையதளங்களிலேயே பார்க்கலாம். பேரப்பிள்ளைகளைக் கேட்டால் பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பார்கள்.

மனைப்பிரிவில் வாங்குவதானால் அங்கீகாரம் பெற்ற மனையா என்று பாருங்கள். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது நினைவிருக்கும். 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. மலிவு என்று அத்தகைய மனையை வாங்கினால் கட்டட அனுமதியிலும் கடனிலும் பிறகு விற்பதிலும் சிக்கல் வரும். சிறு வீடு கட்டுவோருக்கு ஒரு நல்ல வசதியும் வந்துள்ளது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளம் அல்லது ஒரு மாடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் இணையவழி அனுமதி பெறும் திட்டத்தை 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கியது.

செலவைக் குறைக்கும் வழி

சிமெண்டைக் குறைத்துப் போடச் சொல்லி மேஸ்திரியோடு பேரம் பேசுவது சிக்கனம் ஆகாது. சிக்கனம் எப்படிச் செய்வது என்பதைக் காட்டியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-இல் மறையும்வரை நடுத்தர மக்களுக்கும் ஏழைகளுக்கும் வீடு கட்டிக் கொடுத்தார். 1990-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் பரப்பிய முறைகளில் இரண்டை நாம் கையாண்டோம்.

ஒன்று, எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்கையாக வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, இடையில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலம். செங்கல் சுமார் நாலில் ஒரு பங்கு மிச்சமாகும். 20,000 கல் தேவைப்படும் இடத்தில் 15,000 போதும். நடுவில் உள்ள காற்று வெயிலின் சூட்டையும் தடுக்கும். கல் நல்ல வடிவாக இருக்கவேண்டும். மூலைகளிலும், ஜன்னலுக்குக் கீழும் மேலும் நிறைகட்டாகக் கட்டவேண்டும். பழக்கமுள்ள கொத்தனார் கிடைக்காவிட்டால் இதில் இறங்க வேண்டாம்.

இரண்டு, ஓடு வைத்த காங்கிரீட் கூரை. தளத்தின் கீழ்ப்பாதியில் கம்பிகளுக்கு இடையே பழைய மங்களூர் ஓடுகளை வைத்து மேலே காங்கிரீட் போடுவது. காங்கிரீட் குறையும், கூரையின் பாரமும் குறையும். பொறியாளர் வரைந்து கொடுத்தபடியே செய்யவேண்டும்.

கதவு, ஜன்னல்களை நாம் காரைக்குடியில் பழைய சாமான் கடையில் வாங்கி இழைத்துப் போட்டோம். சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதத்திலிருந்து 18 சதமாகக் குறைந்துள்ளது. இனிக் கட்டுவோர் கொட்டேஷன் வாங்கும்போது அந்தக் குறைவு விலையில் தெரிகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

நம் வெயிலுக்கு ஏற்ற வீடு

செட்டிநாட்டு வீடுகளின் அளவை விட்டுவிட்டு, அவற்றின் அறிவை எடுத்துக்கொள்ளலாம். முற்றமும் தாழ்வாரமும் திண்ணையும் காற்றோட்டத்திற்கும் நிழலுக்கும் ஏற்பட்டவை. வீட்டின் நீளமான சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். மேற்குப் பக்கம் குளியலறை, சாமான் அறை வைத்தால் மாலை வெயில் படுக்கையறையைச் சுடாது. ஜன்னலுக்கு எதிர் ஜன்னல் வையுங்கள். கூரையின் இறவாணம் நன்றாக வெளியே நீளட்டும். மொட்டைமாடிக்குத் தட்டோடு பதித்து வெள்ளைப்பூச்சு அடித்தால் சூடு தணியும். மழைநீரைக் கிணற்றுப் பக்கம் திருப்பிவிடுங்கள். கழிவுநீர்த் தொட்டி கிணற்றிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளி இருக்கட்டும்.

கட்டுவது முதுமைக்கு என்பதையும் மறக்கக்கூடாது. மாடி வேண்டாம். வாசற்படிகள் தாழ்வாக, பக்கத்தில் கைப்பிடியோடு இருக்கட்டும். மேல்நாட்டுக் கழிப்பறை, வழுக்காத தரை, மூன்றடி அகலக் கதவு ஆகியவை இன்று தேவைப்படாது. பத்து ஆண்டு கழித்துத் தேவைப்படும். அரைமணி நேரத்தில் மருத்துவமனைக்குப் போக முடியாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அறுபது வயதுக்காரருக்கு ஆகாது.

முடிவாக

நமது வீடு 2019-இல் முடிந்தது. 600 சதுர அடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, முன்னால் திண்ணை. பேரப்பிள்ளைகள் வந்தால் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். மாதத்தில் பத்து நாள் அங்கே இருக்கிறோம். மற்ற நாட்கள் கடைதான். சடையங்குப்பத்து நிலத்தை வாங்கிய விலைக்கும் இன்னும் விற்க முடியவில்லை. “அந்தப் பணமும் சேர்ந்திருந்தால் கிணற்றையும் வெட்டியிருக்கலாமே” என்று துணைவியார் இப்போதும் சொல்வதுண்டு. நம்மிடம் பதில் இல்லை.

நினைவில் வைக்கவேண்டியவை:

1. நிலத்தை மழைக்காலத்தில் பார்த்து வாங்குங்கள்.
2. கடையின் சுழல் முதலைத் தொடாதீர்கள்.
3. இருவர் கூட்டித் துடைக்க முடிகிற அளவுக்கு வீடு போதும்.
4. பத்திரத்தை வழக்கறிஞரும், கூரையைப் பொறியாளரும் பார்க்கட்டும்.
5. ஆண்டுப் பராமரிப்புச் செலவை இப்போதே எழுதி வையுங்கள்.
6. உங்களுக்குப் பின் வீடு யாருக்கு என்று உயில் எழுதி விடுங்கள்.

வருகிற ஐப்பசியில் யாராவது நிலம் பார்க்கக் கிளம்பினால், குடையோடு ஒரு அளவு நாடாவையும் எடுத்துப் போகவும்.

வணிகம் வளர்க!