ஏற்றத்தைக் குறைத்தால் வண்டி ஓடும்

மும்பையிலிருந்து புனே போய் வரும் அன்பர்கள் போர்காட் மலைப்பாதையை அறிவார்கள். கர்ஜத்துக்கும் லோனாவளாவுக்கும் இடையே 37 அடிக்கு 1 அடி ஏற்றம். பல வண்டிகளுக்குக் கர்ஜத்தில் கூடுதல் இன்ஜின்களைப் பின்னால் சேர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. ரயில்வே இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, பிள்ளைகளைப் படிக்க வைக்கப் பெற்றோர் படும் பாட்டைப் பார்த்தால் இந்தப் பாதைதான் நினைவுக்கு வரும்.

வண்டி ஏறத் திணறினால் வழி இரண்டு. தள்ளும் சக்தியைக் கூட்டலாம். புதுப் பாதை போடும்போது ஏற்றத்தைக் குறைக்கலாம். நாமோ புத்திமதி, அதட்டல், பயமுறுத்தல் என்று தள்ளிக்கொண்டே இருக்கிறோம்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ஹோவர்ட் லெவந்தால் குழுவினர் 1965-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டெட்டனஸ் தடுப்பூசி பற்றிச் சிலருக்குக் கடுமையாகப் பயமுறுத்தும் பிரசுரமும், சிலருக்கு மென்மையானதும் தரப்பட்டன. பயந்தவர்கள் ஊசி அவசியம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் போய்ப் போட்டுக்கொண்டவர்கள் அதனால் கூடவில்லை. ஒரு பகுதியினருக்கு மட்டும் மருத்துவ நிலையத்தைக் குறித்த வரைபடத்தைக் கொடுத்து, வாரத்தில் எந்த நேரம் போக முடியும் என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர்களில் 28 சதவீதம் பேர் போட்டுக்கொண்டார்கள். அந்த உதவி இல்லாதவர்களில் 3 சதவீதமே.

நம் பிள்ளைகள் பலர் தமிழ் பேசுகிறார்கள். பாட்டி எழுதிய கடிதத்தைப் படிக்கத் தெரியவில்லை. தமிழ்ப் புத்தகம் அலமாரிக்குள் இருக்கிறது. செல்போன் கையிலேயே இருக்கிறது. இதை மாற்றிப் போடுங்கள். சாப்பாட்டு மேஜையில் புத்தகம், படிக்க வேண்டிய பக்கம் விரித்தபடி இருக்கட்டும். தினம் பத்து வரி போதும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் என்று நேரத்தையும் குறித்துவிடுங்கள்.

செல்போனுக்கும் வழி உண்டு. மலையிறங்கும் பாதையில் 'கேட்ச் சைடிங்' என்று மேடேறும் கிளைப் பாதை இருக்கும். கட்டுமீறி வரும் வண்டி அதில் ஏறி வேகமிழந்து நிற்கும். படிக்கும் நேரத்தில் செல்போன் அடுத்த அறையில், உயரமான பரணில் இருக்கட்டும். எழுந்துபோய், ஸ்டூல் போட்டு எடுக்க வேண்டுமென்றால் ஆசை பாதியிலேயே நின்றுவிடும்.

ஒன்று மட்டும் கவனம். கணக்கைப் போட யோசிக்கும் சிரமத்தை நீக்கிவிடாதீர்கள், அதுதான் படிப்பு. நோட்டைத் தேடும், பென்சிலைச் சீவும் சிரமத்தைத்தான் நீக்க வேண்டும். பாதையைச் சமன் செய்வது நம் வேலை. சுமையை இழுப்பது பிள்ளையின் வேலை.

இந்த வாரம் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து பாருங்களேன்.